திரையைப் படிப்பவள்

இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே சந்திரலேகாவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. தெருவில் கேட்டவர்களிடம் சளி என்று சொன்னாள். பங்குனியில் பிடித்த சளி ஆவணி வரைக்குமா இருக்கும் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவரவர்க்கு அவரவர் பாடு.

பூம்புகாருக்குத் தெற்கே, காவிரியின் கிளை ஆறு ஒன்று கடலில் விழுகிற இடத்தில் இருந்தது அவர்கள் ஊர். துறைமுகம் கிடையாது. ஃபைபர் போட்டுகளை ஆற்றுக்குள் கட்டி வைத்திருப்பார்கள். முகத்துவாரத்தில் மணல் விட்ட வழியில் புகுந்து கடலுக்குப் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். பெண்கள் கடலுக்குப் போகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. சந்திரலேகாவும் கல்யாணமாகி வந்ததிலிருந்து மீன் கூடையோடு பஸ் ஏறி, குத்தாலம் பக்கத்து ஊர்களில் வயல் வேலைக்காரர்களுக்கு விற்றுத் திரும்பியவள்தான். முட்டி தேய்ந்து, படி ஏற முடியாமல் போன பிறகு கூடையை விட்டாள்.

கூடையை விட்டவள் போட்டில் ஏறியது ஊருக்கு ஒரு பேச்சாக இருந்தது. அவள் புருஷன் துரைக்கண்ணுவுடன் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய அண்ணன் மகன் ராகுல் சிங்கப்பூர் போய்விட்டான். வேறு ஆள் சேர்க்காமல் துரைக்கண்ணு மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "கரையோரத்துல நண்டு வலைதானே. வலையைப் பிடிச்சு இழுக்க ஒரு கை வேணும், அவ்வளவுதான்" என்றார். ஊர்ப் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு, புருஷன் பெண்டாட்டி சமாசாரம், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அவளை அழைத்துப் போவது வலை இழுக்க அல்ல என்பது அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் தம்பி தமிழரசனுக்குக்கூடத் தெரியாது. தஞ்சாவூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் பூமிகாவுக்கும் தெரியாது.

அவளுக்கே தெரிந்தது ஒரு மத்தியான நேரத்தில்தான். துரைக்கண்ணு வாசலில் உட்கார்ந்து ஜிபிஎஸ்ஸை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பட்டன்களை அமுக்கிக்கொண்டிருந்தார். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார்.

"லேகா, இங்க வா. வெயில் கூசுது. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு."

வாசலில் வெயிலே இல்லை. பந்தல் நிழல். அவள் எட்டிப் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பாள்.

"டெலீட் ஆல்னு போட்டு ஒரு கேள்விக்குறி போட்டிருக்கு. கீழ யெஸ், நோ."

துரைக்கண்ணுவின் கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அவர் அதை அமுக்கப்போகிற சமயம். கடலடிப் பாறைகளில் எந்தப் பாரில் சங்கரா மீன் கிடைக்கும், எங்கே கப்பல் முறிந்து கிடந்து வலையைக் கிழிக்கும், எந்தச் சேற்றில் நண்டு என்று, கடலுக்குள் அவர் இத்தனை வருஷம் அலைந்து குறித்து வைத்த பாயிண்ட்டெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அவள் அவர் விரலைப் பிடித்து விலக்கினாள்.

"ஏங்க, எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குதுங்க. உங்களுக்கு இது தெரியலையா?"

அவர் பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைக் கசக்கினார்.

"நடுவுல பொகை மாதிரி நிக்குது. சுத்தி இருக்குறது தெரியுது. உன் காது தெரியுது. மூஞ்சி தெரியல."

சர்க்கரை. கோயில் மண்டபத்தில் கண் முகாம் போட்டபோது தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே வரச்சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவர் அதை யாரிடமும் காட்டாமல், சீசன் முடியட்டும் என்று இருந்திருக்கிறார். சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் வந்துவிட்டது.

"தஞ்சாவூர் போவோம்" என்றாள்.

"போனா என்ன சொல்லுவான்? கடலுக்குப் போகாதேம்பான். அதைக் கேக்குறதுக்கா அவ்வளவு தூரம் பஸ்ல போறது?" பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "கை எனக்குச் சரியா இருக்கு. அலை எப்படி வருதுன்னு ஒடம்புக்குத் தெரியுது. இதைப் படிக்கத்தான் ஆள் இல்ல. நீ படிச்சுச் சொன்னீன்னா போதும்."

அப்படித்தான் அவள் கடலுக்குப் போனாள்.

முதல் சில நாள் வாந்தி எடுத்தாள். அது நின்ற பிறகு வேலை பழகிவிட்டது. நடுப்பலகையில் உட்கார்ந்து, தெர்மாகோல் பெட்டிமேல் பிளாஸ்டிக் பையோடு சேர்த்துக் கட்டிய ஜிபிஎஸ்ஸைத் துண்டால் மறைத்து நிழல் பண்ணிக்கொண்டு, குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன முக்கோணம் ஒன்று நகரும். அதுதான் அவர்கள் போட்டு. பின்னால் புள்ளி புள்ளியாக வந்த வழி கோடாக விழும். போகவேண்டிய பாயிண்ட்டுக்கு எத்தனை மைல் என்று மேலே ஓரத்தில் எண் ஓடும். "கொஞ்சம் தெக்க! இன்னும் தெக்க! போதும்! நேரா!" என்று அவள் கத்துவாள். பின்னால் நீளத் தண்டு வைத்த லாங்டெயில் இன்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற துரைக்கண்ணு அதற்குத் தக்கபடி திருப்புவார். பக்கத்தில் வேறு போட்டு வந்தால் அவள் கத்தக் கூடாது. அப்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி நீட்டி, வெள்ளைத் துணியை ஆட்டிக் காட்டுவாள். அந்த அசைவு அவர் கண்ணின் ஓரத்துக்குத் தெரியும்.

அவள் சொல்வது காதில் விழவில்லை என்றால் அவருக்குக் கோபம் வரும். "வாய்க்குள்ளயே மொணகாத. சத்தமாச் சொல்லு!" சத்தமாகச் சொன்னால், "என்னத்துக்குக் கத்துற, நான் செவிடா?" என்பார். கரைக்கு வந்ததும் அவர் வேப்பமர நிழலில் போய்ச் சாய்ந்துகொள்வார். அவள் வலையிலிருந்து நண்டுகளைக் கால் முறியாமல் பிரித்து எடுக்க வேண்டும். பிரித்து முடித்தால் சோறு ஆக்க வேண்டும். பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டும். படுத்துக் கண்ணை மூடினால் முக்கோணம் நகர்ந்துகொண்டே இருந்தது. தூக்கத்தில் அவள் "தெக்க, தெக்க" என்று உளறுவதாகத் துரைக்கண்ணு ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல தூக்கம் தூங்கி எத்தனை காலமாகிறது என்று யோசித்தாள். அதை யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

ஆவணியில் மேட்டூரிலிருந்து உபரி நீர் வந்தது. மேற்கே வயல்களில் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டவர்களுக்குச் சந்தோஷம். கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதென்று மதகில் பூப் போட்டுக் கும்பிட்டார்கள். அந்தத் தண்ணீர் ஆகாயத்தாமரையையும் செம்மண்ணையும் உருட்டிக்கொண்டு முகத்துவாரத்துக்கு வந்தபோது, மணல் திட்டை உடைத்து வடக்கே தள்ளிப் புது வழி அறுத்துக்கொண்டது. பழைய வழி தூர்ந்தது. ஒரே ராத்திரியில் நடந்த மாற்றம்.

விடியும்போது தமிழரசன் தன் போட்டில் நின்றுகொண்டு எல்லோருக்கும் சொன்னான். "வடக்கால போங்க. என் பின்னாடியே வாங்க. மாமா, நீங்களும் வாங்க." துரைக்கண்ணு அவன் இன்ஜின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே புது வழியில் போட்டை விட்டார். சந்திரலேகா திரையைப் பார்த்தாள். இத்தனை மாதம் போய் வந்த கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து தெற்கே தடித்துக் கறுத்துக் கிடந்தன. அன்றைய கோடு தனியாக, நூல் மாதிரி, கொஞ்சம் வடக்கே விழுந்தது.

அன்றைக்கு நண்டு நிறையவே இருந்தது. ஆற்றுத் தண்ணீர் கலங்கி வந்தால் இருக்கும். வலையை இழுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மற்ற போட்டுகள் முன்னாலேயே கிளம்பிப் போயின. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கரையை நோக்கித் திரும்பிக் கொஞ்ச தூரம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தென்னை மரங்கள் மறைந்தன; செல்போன் டவர் மறைந்தது. எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் நிறம்.

"நமக்குத்தான் இது இருக்கே" என்று துரைக்கண்ணு சொன்னார். அவருக்கு மழையும் வெயிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சந்திரலேகா துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு திரைக்கு மேல் கவிழ்ந்தாள். பிளாஸ்டிக் பையின்மேல் மழைத்துளி உருண்டு எழுத்தையெல்லாம் பெரிதாகவும் சின்னதாகவும் காட்டியது. துடைத்தாள். மறுபடி உருண்டது. ஏதோ பட்டனில் கை பட்டு, படம் சுருங்கி, கரையும் ஆறும் கோடுகளும் ஒரு விரற்கடைக்குள் வந்துவிட்டன. அதை மறுபடி பெரிதாக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தபடியே கண் செருகியது. தலை தொங்கி, மோவாய் பெட்டியில் இடித்து விழித்தபோது எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. முக்கோணம் கரைக்குக் கிட்டே வந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு கறுத்த கோடு ஆற்றுக்குள் போயிற்று. வீட்டுக்குப் போகிற கோடு.

"நேரா வாங்க" என்றாள்.

கொஞ்ச தூரம் வந்ததும் துரைக்கண்ணு இன்ஜினைக் குறைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"லேகா, அலை எடப்பக்கம்ல உடையணும்? காலைல போறப்ப வலப்பக்கம் உடைஞ்சுது. இப்ப நேரா உடையுற மாதிரி கேக்குது."

"கோட்டுமேலதான் போறோம்."

"சரியாப் பாத்துச் சொல்லு."

"பாத்துத்தான் சொல்றேன்."

"இல்ல, எனக்கென்னமோ…"

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. முட்டி வலி, கை வலி, தொண்டை வலி, தூங்காத தூக்கம் எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்தது.

"யாருக்குக் கண்ணு தெரியுது, எனக்கா உங்களுக்கா? பேசாம வாங்க!"

துரைக்கண்ணு இன்ஜினைக் கூட்டி நேராக விட்டார்.

முதலில் இன்ஜின் தண்டு மணலில் இடித்தது. கைப்பிடி துள்ளி அவர் நெஞ்சில் அடித்தது. போட்டு நின்ற இடத்திலேயே பின்பக்கம் திரும்ப, பின்னால் வந்த அலை அதைப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தது. வலை, பெட்டி, நண்டு, டீசல் கேன் எல்லாவற்றோடும் சேர்ந்து சந்திரலேகா தண்ணீருக்குள் போனாள். மூக்கில் மண் ஏறியது. கால் தரையில் பட்டு எழுந்தபோது தண்ணீர் கழுத்தளவு இருந்தது. அடுத்த அலை வந்தபோது தலைக்கு மேலே போயிற்று.

"லேகா! லேகா!"

துரைக்கண்ணு கொஞ்ச தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கைகளை முன்னால் நீட்டித் தண்ணீரைத் தடவித் தடவித் தேடினார். அவள் இருந்த பக்கம் அல்ல, கடல் பக்கமாகத் தேடிக்கொண்டு போனார். அவள் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. இத்தனை மாதம் கத்தித் தீர்த்த தொண்டையில் ஒரு சொட்டுச் சத்தம் மிச்சமில்லை. அவர் இன்னும் ஓரடி கடலுக்குள் போனார். அவள் மிதந்து வந்த கேனைப் பிடித்துக்கொண்டு, உதைத்து, மணலில் ஊன்றி, அலை தள்ளிய தள்ளில் போய் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள். அவர் திரும்பி அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். மூக்கு, கன்னம், நெற்றி. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் அவளுக்கு வளையல் உடைந்து கையில் குத்தியது.

ஆற்றுக்குள் போட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கவிழ்ந்ததைப் பார்த்துவிட்டார்கள். தமிழரசனும் இன்னும் நாலைந்து பேரும் மணல் திட்டு வழியாக ஓடி வந்து, இருவரையும் இழுத்துக் கரையில் போட்டார்கள். பிறகு கயிறு கட்டிப் போட்டை இழுத்தார்கள். அதன் ஒரு பக்கம் பிளந்திருந்தது. வலை போயிற்று. ஜிபிஎஸ் கட்டியிருந்த பெட்டி அலையோடு எங்கோ போயிற்று.

கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள்.

"ஏன் மாமா, காலைல என் பின்னாடியேதான வந்தீங்க?" தமிழரசனுக்கு மூச்சு வாங்கியது. "வடக்கால வழின்னு அத்தனை தடவை சொன்னேன். பழைய வழில போயி ஏத்தியிருக்கீங்க. ஜிபிஎஸ்ஸைப் பாக்கலையா?"

"பாத்தேன்டா" என்றார் துரைக்கண்ணு. "மழைல சரியாப் பாக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

பின்னால் நின்ற ஒருவர், பொம்பளையை ஏற்றிக்கொண்டு போனால் இப்படித்தான் ஆகும் என்று முணுமுணுத்தார். துரைக்கண்ணு அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். "அவ வலை புடிக்க வந்தவ. போட்டை ஓட்டுனவன் நான். என்னைப் பேசு."

அவர் தன்னைக் காப்பாற்றுகிறார் என்பது சந்திரலேகாவுக்குப் புரிந்தது. அதோடு, நாளைக்குப் போட்டைச் சரி செய்துகொண்டு மறுபடி கிளம்பலாம் என்று அவர் கணக்குப் போடுவதும் புரிந்தது. மறுபடி அந்தப் பலகை, அந்தத் திரை, அந்தக் கத்தல். அவளால் முடியாது. தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, அவன் காதை வாயருகே கொண்டுவந்து, இருக்கிற காற்றையெல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

"அவருக்குக் கண்ணு தெரியாது தம்பி. நான்தான் பாத்துச் சொல்றேன், பங்குனிலேருந்து. இன்னிக்கு நான்தான் தப்பாச் சொன்னேன். தூங்கிட்டேன்."

காதோடு சொன்னதுதான். ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது. தமிழரசன் அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். துரைக்கண்ணுவின் முகத்துக்கு நேரே கையை மெல்ல ஆட்டினான். துரைக்கண்ணு கடலைப் பார்த்தபடி இருந்தார்.

வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு நாள் அவர் அவளிடம் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். கேட்டதற்கு ம் என்றார். அவளும் வலியப் போய்ப் பேசவில்லை. பேசக் குரலும் இல்லை. மூன்றாம் நாள் பூமிகா லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினாள். அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அவருதான் மறைச்சாரு, உனக்கு எங்க போச்சும்மா புத்தி? எனக்கு ஒரு போன் பண்ண முடியாதா? நான் மருந்துக் கடைல தானே இருக்கேன், மளிகைக் கடையிலயா?"

சந்திரலேகா தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தாள். சில சமயம் குரல் இல்லாததும் நல்லதாகத்தான் இருந்தது.

மூவரும் தஞ்சாவூர் போனார்கள். வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்துப் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"போன பார்வை வராதுங்கய்யா. இருக்குறதைக் காப்பாத்தலாம். ஊசி போடணும், லேசர் வைக்கணும், தவறாம வரணும்."

"கடலுக்குப் போகலாமா?" என்று துரைக்கண்ணு கேட்டார். அவர் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான்.

"போங்க. சிகிச்சை முடிஞ்சு, சர்க்கரை கட்டுக்குள்ள வந்தப்புறம். ஆனா ஓட்டாதீங்க. வேற யாராவது ஓட்டட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் துரைக்கண்ணு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கும்பகோணம் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"டாக்டரு போகாதேன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். போன்னுதான் சொல்றாங்க, பாத்தியா."

"இதை அப்பவே கேட்டிருக்கலாம்" என்றாள் அவள், கரகரத்த குரலில்.

"கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "ஒன்னை ரொம்பப் படுத்திட்டேன்" என்றார். அவள் முன் சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆமாம் என்று சொன்னால் அவர் மனம் நோகும், இல்லை என்று சொன்னால் பொய்.

கார்த்திகைக்குப் பிறகு, ஊசியும் லேசரும் முடிந்து, மழையெல்லாம் ஓய்ந்து கடல் தெளிந்த சமயத்தில், தமிழரசன் அவரைத் தன் போட்டுக்குக் கூப்பிட்டான். வலை விடவும் இழுக்கவும் அவரைப் போல கை யாருக்கும் இல்லை என்று சொன்னான். அது உண்மையா, அக்காவுக்காகச் சொன்னதா என்று சந்திரலேகா ஆராயவில்லை. பிளந்த போட்டை ஒட்டுப் போட்டு அவனிடமே ஒப்படைத்தார்கள்.

முதல் நாள் அவர் கிளம்பிப் போகும் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. கண் விழித்தபோது சூரியன் ஓட்டுக்கு மேலே வந்திருந்தது. பக்கத்து வீட்டில் குழம்பு தாளிக்கிற வாசனை வந்தது. எழுந்திருக்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வர, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. இத்தனை நாள் வலிக்க நேரமில்லாமல் தள்ளிப் போட்ட வலியெல்லாம் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது. மறுபடி தூங்கினாள்.

மத்தியானம் துரைக்கண்ணு வந்தார். கால் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"அவன் எதையும் சொல்ல மாட்டேங்குறான். தெக்கயா வடக்கயான்னு நானாக் கேட்டாத்தான் சொல்றான். தானே பாத்துக்கிறான், தானே ஓட்டுறான்." குழம்பைப் பிசைந்தார். "போறப்பவும் வரப்பவும் எனக்கு வேலையே இல்ல."

"அப்ப என்ன பண்ணீங்க?"

உருட்டிய கவளம் கையிலேயே இருந்தது.

"தூங்கிட்டேன். முன்பக்கம் அணியத்துல சாக்கை மடிச்சு வச்சுப் படுத்துத் தூங்கிட்டேன். முழிச்சதும் வெக்கமா இருந்துச்சு. அப்புறம் நல்லா இருந்துச்சு."

"நானும்தான்" என்றாள் சந்திரலேகா. இன்னொரு கரண்டி குழம்பை அவர் தட்டில் ஊற்றிவிட்டு, தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.